யாரும் இல்ல, டாக்டர்

இல்ல யக்கா, நான் இறங்கலை. நீங்க தாராளமா ஜன்னல் பக்கம் உக்காருங்க, நான் தள்ளிக்கிடுதேன். பாளை பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் இறங்கிட்டாவ, இவ ஒருத்தி மட்டும் ஏன் உக்காந்திருக்கான்னுதானே பாக்கீய? கண்டக்டர் தம்பியும் மொத ரெண்டு வாரம் இப்படித்தான் பாத்தாரு. "யக்கா, கடைசி ஸ்டாப்பு வந்துட்டு"ன்னாரு. தெரியும்யான்னேன். "அப்ப எங்க போணும்?"ன்னாரு. எங்கயும் போக வேண்டாம்னேன். எங்க வீட்டுப் பக்கம் டவுன் ஆர்ச்சுல ஏறுவேன், பாளை வரைக்கும் வருவேன், அதே பஸ்ஸுல திரும்பி ஆர்ச்சுல இறங்கிருவேன். பொம்பளைகளுக்குத்தான் டவுன் பஸ்ஸுல காசு கெடயாதே, அதனால அவராலயும் ஒண்ணும் சொல்ல முடியலை. இப்பம்லாம் என்னயப் பாத்தா சிரிக்காரு, அவ்வளவுதான்.

எதுக்குன்னு கேக்கீய. கேக்கலையா? சரி, கேட்ட மாதிரி வச்சுக்கிடுங்க.

என் வீட்டுலருந்து என்னய வெளிய அனுப்பிருக்காவ. வியாழக்கிழமை வந்தா நாலு மணிலருந்து அஞ்சு மணி வரைக்கும் நான் என் வீட்டுல இருக்கக் கூடாது. சொன்னது யாரு? என் பிள்ள. ஒத்தப் பிள்ள. அவகூடச் சேந்துக்கிட்டுச் சொன்னது மதுரையில இருக்க ஒரு டாக்டரம்மா. நான் சட்டி பானையக் கழுவிக் கமுத்திட்டு, தையல் மெஷினை மூடிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு பஸ் ஏறணும். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாவ?

பிள்ளைக்குப் பேரு சண்முகப்பிரியா. சம்முன்னு கூப்பிடுவோம். பதினாறு வயசு. பத்தாங்கிளாஸ்ல நானூத்தி அறுவது மார்க்கு. பிளஸ் ஒன்ல சேத்தோம், ஜூன் மாசம் பன்னெண்டு நாள் ஸ்கூலுக்குப் போனா. பதிமூணாம் நாள் காலைல வயித்தவலின்னா. சரி, பொம்பளைப் பிள்ள, இருக்கட்டும்னேன். மறுநாளும் வயித்தவலி. ஞாயித்துக்கிழமை வலிக்காது, திங்கக்கிழமை எட்டு மணிக்கு கரெக்டா வலிக்கும். ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணும் இல்லைன்னுட்டாவ. குலசாமிக்குக் காசு முடிஞ்சு போட்டோம். கண்ணு கழிச்சோம். அப்பறம் வயித்தவலின்னு சொல்லதையும் நிறுத்திட்டா. எதையுமே சொல்லதை நிறுத்திட்டா. சாப்பிடுதியான்னா தலையாட்டுவா, அதுவும் ஆமாவா இல்லையான்னு நாமதான் கண்டுபிடிச்சுக்கிடணும். எனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல, அவ என்ன நெனைக்கான்னு எனக்குத் தெரியும். பசிக்குன்னு நெனச்சா நான் தட்டை வச்சிருவேன். தூக்கம்னு நெனச்சா பாயை விரிச்சிருவேன். அவ வாயத் தொறக்க அவசியமே இல்லாமப் பாத்துக்கிட்டேன், சும்மா சொல்லலை.

அவ கிளாஸ் டீச்சர்தான் வீடு தேடி வந்து, மதுரை டாக்டரம்மா நம்பரைத் தந்தாவ. "பிள்ளைங்க மனசுக்குன்னே பாக்கற டாக்டர், வீடியோலயும் பாப்பாங்க"ன்னாவ. மனசுக்குன்னதும் நான் எந்திரிச்சுப் போயி வாசக்கதவைச் சாத்தினேன். ஊர் வாய மூட உலைமூடி கெடயாது யக்கா. நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது பண்ணணும்லா. ஆனா வீடியோன்னதும் யோசிச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வேண்டாம், போர்டு போட்ட இடத்துல ஒருத்தரும் பாக்க வேண்டாம். வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கிடலாம். கதவைச் சாத்திட்டா யாருக்குத் தெரியும்? இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்னு நெனச்சேன்.

மொத நாளு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எங்க வீடு ஒரே பத்தி, ஒத்த ரூமுதான், பின்னால ஒரு அடுக்களை. தையல் மெஷின் மேல தண்ணி புடிக்க குத்துப்போணியை வச்சு, அதுல போனைச் சாத்தினேன். பின்னால செவுத்துல சுண்ணாம்பு பேந்திருந்துச்சு, அதை மறைச்சு முருகர் படத்தை மாட்டினேன். ஃபேன் சத்தம் போடும்னு நிறுத்தினேன். பிள்ளைக்குத் தீவாளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டு, தலை வாரி, ரெண்டு முழம் மல்லிப்பூ வச்சு உக்கார வச்சேன். எங்க வீட்டுக்காரரு கடைக்கு லீவு போட்டுட்டு வந்துட்டாரு, ஜங்ஷன்ல ஹார்டுவேர் கடையில நிக்காரு. அவருக்கு மூத்தவரு, சம்முவுக்குப் பெரியப்பா, மாடியில இருக்காரு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். படிச்சவரு ஒருத்தர் கூட இருந்தா நல்லதுன்னு அவரையும் கூப்பிட்டோம். பெரியப்பா வேட்டி சட்டை மாத்தி, விபூதி வச்சு வந்தாரு. ஒரு பொண்ணு பாக்கற வீடு மாதிரி லட்சணமா இருந்துச்சு.

டாக்டரம்மா போன்ல வந்தாவ. சின்ன வயசுதான். பேரு ரூபவதி. "சண்முகப்பிரியா, எப்படி இருக்க?"ன்னு கேட்டாவ. பிள்ள குனிஞ்சே இருக்கா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும்லா? அவுக எவ்வளவு நேரம் காத்திருப்பாவ? "நல்லா இருக்கா டாக்டர்"ன்னேன். "நல்லாத் தூங்குறியா?"ன்னாவ. "தூங்குவா டாக்டர், ஆனா லேட்டாத்தான்"ன்னேன். "உனக்குப் பிடிச்சது என்ன?"ன்னாவ. "சேவு, டாக்டர்"ன்னு அவ அப்பா சொன்னாரு. அவரு வாயத் தொறந்ததே அன்னைக்கு அது ஒண்ணுக்குத்தான், அதுவும் தப்பு. அவளுக்கு இப்பம்லாம் சேவு பிடிக்காது. நான் திருத்தினேன்.

அப்ப டாக்டரம்மா கேட்டாவ, "சண்முகப்பிரியா, ரூம்ல உன்கூட வேற யாராவது இருக்காங்களா?"ன்னு.

யாரும் அசையலை. நான் வாயில முந்தானைய வச்சிக்கிட்டேன். உடனே பெரியப்பா, ஸ்கூல்ல பிரேயர்ல பேசுத அதே கொரல்ல, "யாரும் இல்ல, டாக்டர்"ன்னாரு.

சிரிக்காதீய யக்கா. முப்பத்தி ரெண்டு வருஷ சர்வீஸ். அவரு பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. பிள்ளைக்காகச் சொன்னாரு.

அடுத்த வாரம் பிள்ள காதுல இயர்போன் மாட்டிக்கிடணும்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பிட்டாவ. சரின்னு வாங்கினோம். அதுல ஒயரு ரெண்டு இருக்கும்லா, வலது காதுக்கு ஒண்ணு, இடது காதுக்கு ஒண்ணு. ஒண்ணை அவளுக்கு மாட்டினேன், இன்னொண்ணை நான் மாட்டிக்கிட்டேன். ரெண்டு கொடுத்திருக்கது எதுக்கு? நான் போன்ல தெரியக் கூடாதுன்னு கீழ உக்காந்தேன், ஒயரு நீளம் பத்தலை, பிள்ளைக்குத் தலை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. "ஏன் சாஞ்சு உக்காந்திருக்க?"ன்னு டாக்டரம்மா கேட்டாவ. நான் அவ தொடையில ரெண்டு தட்டுத் தட்டினேன். அவ, "சுளுக்கு"ன்னா. பாருங்க, அந்த வாரம் அவ பேசுன ஒரே வார்த்தை. அதுவும் நான் இல்லைன்னா வந்திருக்காது.

மூணாவது வாரம், பேச வரலைன்னா டைப் பண்ணி அனுப்பலாம்மான்னாவ. சம்மு போனைக் கையில எடுத்தா. ரொம்ப நேரம் யோசிச்சு, "அம்மா இருக்காங்க"ன்னு அடிச்சா. அவ்வளவுதான் அடிச்சா. யக்கா, நீங்களே சொல்லுங்க, ஒரு பிள்ள டாக்டர்கிட்ட அப்படி மொட்டையா அனுப்பினா அவுக என்ன நெனைப்பாவ? நான் ஏதோ குச்சியோட பக்கத்துல நிக்கேன்னு நெனைக்க மாட்டாவளா? அதனால நான் போனை வாங்கி, கூட ஒரு வார்த்தை சேத்தேன். "அம்மா இருக்காங்க, பயமில்லை"ன்னு அனுப்பினேன்.

டாக்டரம்மா அதைப் படிச்சாவ. அப்பறம், "அடுத்த வாரம் நேர்ல கூட்டிட்டு வாங்கம்மா"ன்னாவ.

எனக்கு வந்துச்சே கோவம். வீடியோலயே எல்லாம் நல்லாத்தானே போயிக்கிட்டிருக்கு, நேர்ல வந்தா மட்டும் இவ பேசிருவாளா? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? ஆனா டாக்டர் சொன்னா கேக்கணும்லா. பக்கத்து வீட்டுல கேட்டா என்ன சொல்லன்னு யோசிச்சு, மதுரையில ஒரு கல்யாணம்னு சொல்லி வச்சோம். சொன்னா சொன்ன மாதிரி போணும். நான் பட்டுச்சேலை, அவரு பட்டுக்கரை வேட்டி, பிள்ளைக்குப் பாவாடை தாவணி, தலை நெறையப் பூ. காலைல ஏழு மணிக்கு தெருவே பாக்க நடந்து போயி பஸ் ஏறினோம். மூணரை மணி நேரம். ஆஸ்பத்திரிக்குள்ள நொழைஞ்சா, எல்லாரும் சாதா துணியில இருக்காவ, நாங்க மட்டும் இப்படியான்னு கூச்சமா இருந்துச்சு. அப்பறம் பாத்தா, அந்த மூலையில இன்னும் ரெண்டு குடும்பம் பட்டுல உக்காந்திருக்கு. நாங்க அவுகளைப் பாக்கலை, அவுக எங்களைப் பாக்கலை.

உள்ள போனோம். டாக்டரம்மா ஒண்ணும் கேக்கலை யக்கா. வாங்கன்னாவ, உக்காருங்கன்னாவ, அதுக்கப்பறம் சும்மா இருந்தாவ. சரி, நாம சொல்லுவோம்னு நான் ஜூன் மாசத்துலருந்து ஒண்ணுவிடாமச் சொன்னேன். சொல்லி முடிச்சாச்சு. அப்பவும் அவுக சும்மா இருக்காவ. சம்முவைப் பாத்துக்கிட்டு, லேசாச் சிரிச்சுக்கிட்டு. வீடியோல இப்படி இருந்தா நெட்டு கட்டாயிட்டுன்னு ஹலோ ஹலோன்னு ரெண்டு சத்தம் போடலாம். நேர்ல என்ன செய்ய? நான் திரும்ப ஜூன் மாசத்துலருந்து ஆரம்பிச்சேன். எங்க வீட்டுக்காரரு என் கைய அமுக்கினாரு. அப்ப அந்த ரூமுல சத்தமே இல்ல.

அப்பத்தான் பிள்ள கைய பின்னால கொண்டுபோனா. ஹேர்பின்னைக் கழட்டினா. பூவைக் கழட்டி மேசை மேல வச்சா. வச்சிட்டு, நாற்காலியோட திரும்பி, தலையோட பின்பக்கத்தை டாக்டரம்மாவுக்குக் காட்டினா.

உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, நீங்க ஆர்ச்சைத் தாண்டி பேட்டையில இறங்கிப் போயிருவீய. அவளுக்குப் பின்னந்தலையில உள்ளங்கை அகலத்துக்கு முடி கெடயாது. அவளே பிச்சுக்கிடுதா. ஒவ்வொண்ணா. பிசிக்ஸ் புக்கைத் தொறந்தா நடுப்பக்கத்துல முடியா கெடக்கும். எனக்கு ஜூலையிலயே தெரியும். ஏண்டி இப்படிப் பண்ணுதன்னு ஒருதடவை கேட்டேன், அழுதா. அழுத பிள்ளைகிட்ட என்னத்தக் கேக்க? அதுலருந்து காலைல எந்திரிச்சதும் மொத வேலை, பூ வாங்கி அந்த இடத்தை மறைச்சிருவேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாவ. ரெண்டு முழம் பூவுல மறைக்க முடியும். அஞ்சு மாசம் மறைச்சேன். அவ அப்பாவுக்குத் தெரியாது, பெரியப்பாவுக்குத் தெரியாது. வீடியோல முன்பக்கம் மட்டும்தானே தெரியும், டாக்டருக்கும் தெரியாது. டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாம்னு இப்ப நீங்க நெனைப்பீய. அப்ப எனக்குத் தோணலை யக்கா. நல்ல பிள்ளைன்னு அவுக நெனைக்கணும்னு மட்டும்தான் தோணிச்சு.

அவரு பாத்துட்டாரு. அவ அப்பா. ஒண்ணும் சத்தம் போடலை. "அஞ்சு மாசமா அதுக்காகவா பூ வச்ச?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் மேசை மேல கெடந்த பூவை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன்.

"அம்மா, அப்பா, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா"ன்னு டாக்டரம்மா கதவைத் தொறந்து விட்டாவ. வெளிய பெஞ்சுல உக்காந்தோம். கதவை உள்ளருந்து சாத்துன சத்தம் கேட்டுச்சு. அப்பறம் ஒரு கொரல். யாரு பேசுதான்னு எனக்குத் தெரியலை யக்கா. நெசமாத்தான். பெத்த பிள்ளை கொரலு எனக்குப் புடிபடலை, அவ்வளவு நாளாயிருக்கு. எங்க வீட்டுக்காரருதான், "பேசுதா"ன்னாரு. நான் காதைத் தீட்டிக் கேட்டேன். கதவு தடிச்ச கதவு, ஒரு வார்த்தை வெளங்கலை. ஆனா நிறுத்தாமப் பேசுதா. நடுவுல ஒருதடவை சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. பக்கத்துல பட்டுச்சேலைக்காரி கைக்குட்டை தந்தா. சந்தோஷத்துல அழுதேன்னு அவ நெனச்சிருப்பா. சந்தோஷமாவது ஒண்ணாவது. அம்புட்டும் கோவம். யாரோ ஒருத்திகிட்ட ஒரு மணி நேரம் பேசுததுக்கு என் பிள்ளைகிட்டப் பேச்சு இருந்திருக்கு. எங்கிட்ட இல்ல.

அப்பறம் என்னயக் கூப்பிட்டாவ. வெறும் பயம்தான்மா, பெரிய பயம், சரி பண்ணிரலாம்னாவ. எதுக்குப் பயம்னு கேட்டேன். "அதை அவ சொல்லணும்னு நெனைக்கும்போது அவளே உங்ககிட்டச் சொல்லுவா"ன்னாவ. பாத்துக்கிடுங்க. நான் கேக்கேன், எனக்கே சொல்ல மாட்டாவளாம். மாசத்துக்கு ஒருதடவை நேர்ல வரணும், மத்த வாரம் வீடியோல பேசலாம், வாராவாரம் மூணரை மணி நேரம் அலைய வேண்டாம். ஆனா பேசும்போது அவ தனியா இருக்கணும்னாவ. சரி, நான் அடுக்களைக்குள்ள இருந்துக்கிடுதேன்னேன். டாக்டரம்மா சம்முவைப் பாத்தாவ. அவ குனிஞ்சுக்கிட்டே, "வீட்டுலயே யாரும் இருக்கக் கூடாது"ன்னா.

மொத வாரம் நான் வெளியதான் இருந்தேன். சத்தியமா வெளியதான். வாசப்படியில உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். அஞ்சு நிமிஷத்துல கதவு தொறந்துச்சு, அவ என் செருப்பைப் பாத்தா, என்னயப் பாத்தா, கதவைச் சாத்திட்டா. அன்னைக்கு ஒண்ணும் பேசலியாம். டாக்டரம்மா எனக்குப் போன் பண்ணி, "கொஞ்சம் தூரமாப் போங்கம்மா"ன்னாவ. எங்க போக? பக்கத்து வீட்டுக்குப் போனா ஏன் வந்தன்னு கேப்பாவ. கோயிலுக்குப் போனா தெரிஞ்ச மொகமா இருக்கும். பெரியப்பா லைப்ரரிக்குப் போயிருதாரு, ஆம்பளைக்கு என்ன. நான் பஸ் ஏறிட்டேன். இன்னையோட ஒம்பது வாரம்.

இப்ப பரவால்லதான். இல்லைன்னு சொல்லலை. வாரத்துல ரெண்டு நாளு ஸ்கூலுக்குப் போறா. போன வாரம் இன்னொரு தோசை கேட்டா, வாயால கேட்டா. பின்னந்தலையில பூனைமுடி மாதிரி வளந்திருக்கு. எல்லாரும் டாக்டரம்மா டாக்டரம்மாங்காவ. நான் தெனமும் கரிசலாங்கண்ணி எண்ணெய் தேச்சு விட்டது யாரு கணக்குல போகும்? நானா சொல்லிக்கிடக் கூடாது. பூ மட்டும் வேண்டாம்னுட்டா. அந்த எடம் தெரியுத மாதிரியே ஸ்கூலுக்குப் போறா. எனக்குத்தான் பின்னால நின்னு பாக்க முடியலை.

ஆனா யக்கா, இந்த ஒண்ணு மட்டும் எனக்கு ஆறவே மாட்டேங்கு. அவ பொறந்ததுலருந்து நான் அவகிட்ட மறைச்சது ஒண்ணு கெடயாது. எனக்குக் கால் வலிக்கதுலருந்து, அவ அப்பாகூடச் சண்டை போட்டதுலருந்து, எல்லாம் அவகிட்டச் சொல்லுவேன். காலைல எந்திரிச்சா படுக்க வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருப்பேன். அப்படி ஒரு அம்மாகிட்ட இவளுக்கு என்ன சொல்ல முடியாம இருக்கும்? நீங்க சொல்லுங்க. உங்களுக்கும் தெரியலைல்லா? யாருக்கும் தெரியாது.

வண்ணாரப்பேட்டை தாண்டிட்டா? அப்ப மணி அஞ்சு ஆயிருக்கும். பேசி முடிச்சதும் இந்தப் பட்டன் போனுக்கு ஒரு மிஸ்டு கால் விடுவா, பெரிய போனு அவகிட்ட இருக்கு. ஒரே ஒரு ரிங்குதான். அது வந்தா நான் வீட்டுக்கு வரலாம்னு அர்த்தம். அதுவும் அவ போட்ட சட்டம்தான். இன்னைக்கு இன்னும் காணோம். பயமா எனக்கு? எனக்கு என்ன பயம். தனியா இருக்க பிள்ளன்னா பெத்தவளுக்கு ஒரு இது இருக்கத்தான் செய்யும். ஒம்பது வாரமும் ஜங்ஷன் பாலம் ஏறும்போது கையில போனைப் புடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன். அங்க தெரியுது பாருங்க, பாலம்.

இந்தா அடிக்கு. கட் ஆகும் பாருங்க.

கட் ஆகலியே. ரெண்டு ரிங்கு ஆயிட்டு. இருங்க யக்கா.

ஹலோ. ஏட்டி, என்னாச்சு? என்ன? கேக்கலை, பஸ்ஸு சத்தம். சொல்லு. ம். ம். டாக்டர் வச்சுட்டாவளா? ம். ஏன், உடம்பு ஏதும்... சரி. சரிம்மா.

சரி.

ஒண்ணும் இல்ல யக்கா. நல்லாத்தான் இருக்கா. "அம்மா, டாக்டர் பேசி முடிச்சிட்டாங்க. நீ ஒடனே வராத. எனக்கு வீட்டுல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கணும் போல இருக்கு. நானே டீ போட்டுக் குடிச்சிக்கிடுதேன், நீ மெதுவா வா"ன்னா. அப்படியேதான் சொன்னா, ஒரு வார்த்தை கூட்டலை, கொறைக்கலை. ஏழு மாசத்துல அவ எங்கிட்டப் பேசுன பெரிய பேச்சு யக்கா இது. வராதன்னு சொல்லத்தான் பேசியிருக்கா.

எதுக்குன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேஸை ஒழுங்கா அடைப்பியா, பால் எங்க இருக்குன்னு தெரியுமா, சீனி எந்த டப்பாலன்னு தெரியுமான்னு எல்லாம் வந்துச்சு. கேக்கலை.

இல்ல தம்பி, ஆர்ச்சு வந்துட்டுன்னு எனக்கும் தெரியுது. நீங்க விசில் அடிங்க. நான் இன்னைக்குப் பேட்டைக்குப் போயிட்டு வாரேன்.